ஆற்றுச் சால்மன் கணக்கு இடிக்கிறதா? முதலில் எங்கே பார்ப்பது

இந்த வருடம் ஆற்றுக்கு எத்தனை அட்லாண்டிக் சால்மன் வந்தது, பத்து வருடத்துக்கு முன்னால் எத்தனை வந்தது, கூடுகிறதா குறைகிறதா. கேள்வி இவ்வளவுதான். பதில் சொல்ல உட்காரும்போதுதான் தெரியும், மீனை யாரும் நேராக எண்ணவில்லை என்று. தூண்டில்காரர் எழுதிக்கொடுத்த எண், தடுப்பணையில் பொருத்திய கருவி காட்டும் எண், குஞ்சு பிடித்துப் பார்த்தவர் நோட்டில் இருக்கும் எண், இவைதான் கையில் இருக்கும். மீன் குறையாமலே இந்த எண்கள் குறையும், மீன் குறைந்தும் குறையாமல் நிற்கும். வரைபடம் முரண்டு பிடிக்கும்போது நான் எதை முதலில் தட்டிப் பார்ப்பேனோ அதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் பிரச்சினை எதுவோ அதற்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் மீனின் காலக்கணக்கு மட்டும் ஞாபகம் இருக்கட்டும், கீழே எல்லா இடத்திலும் அது தேவைப்படும். இலையுதிர் காலக் கடைசியில் ஆற்றின் சரளைக்கல்லைத் தோண்டி முட்டையிடும். வசந்தத்தில் குஞ்சு வெளியே வரும். உடம்பில் விரல் பதித்தது மாதிரி பட்டைகளோடு ஆற்றிலேயே வளரும் குஞ்சுக்குப் 'பார்' என்று பெயர். ஒரு வருடமோ நான்கைந்து வருடமோ கழித்து வெள்ளி நிறமாகிக் கடலுக்கு இறங்கும்போது அது ஸ்மோல்ட். இங்கிலாந்தின் தெற்கே ஃப்ரோம் ஆற்றில் பெரும்பாலும் ஒரே வருடத்தில் இறங்கிவிடும், வடக்கே குளிர் கூடக் கூட இன்னும் பல வருடம் ஆற்றிலேயே தங்கும். கடலில் ஒரு குளிர்காலம் இருந்துவிட்டுத் திரும்பினால் கிரில்ஸ், இரண்டோ மூன்றோ இருந்தால் பெரிய மீன். ஆக, இன்று கருவியைக் கடக்கிற மீன் சுமார் மூன்று முதல் எட்டு வருடத்துக்கு முந்தைய முட்டை. போன வருட வெள்ளத்தை இந்த வருட எண்ணிக்கைக்குக் காரணமாகக் காட்டுகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தூண்டிலில் பிடிபட்டது பாதியாகிவிட்டது, எண்ணும் கருவி மட்டும் பழைய எண்ணையே காட்டுகிறது

மிக அடிக்கடி வரும் புகார் இதுதான். முதலில் பார்க்க வேண்டியது ஆற்று நீர்மட்டம். மழை இல்லாத கோடையில் மீன் கழிமுகத்திலேயே நின்றுவிடும், ஏறினாலும் ஆழமான மடுவில் படுத்துக் கிடக்கும், தூண்டிலைச் சீண்டாது. பிரிட்டனில் 2018, 2022 இரண்டு கோடையும் அப்படிப்பட்டவை. அந்த ஆண்டுகளில் பிடிபட்ட எண்ணை மட்டும் வைத்து "மீன் போய்விட்டது" என்று எழுதினால், அக்டோபர் மழையில் மொத்தமாக ஏறிப்போன கூட்டத்தை நீங்கள் பார்க்கவே இல்லை என்று பொருள், ஏனென்றால் அதற்குள் தூண்டில் பருவம் முடிந்திருக்கும்.

இரண்டாவது, எத்தனை பேர் எத்தனை நாள் தூண்டில் போட்டார்கள். 2020 வசந்தத்தில் கொரோனா ஊரடங்கு, ஆற்றங்கரையில் ஆளே இல்லை, அந்த மாதங்களின் எண் மீனைப் பற்றி எதுவும் சொல்லாது. ஊரடங்கு இல்லாத வருடத்திலும் இது நடக்கும். மீன் குறைவு என்று பேச்சு கிளம்பினால் அனுமதிச் சீட்டு வாங்குகிறவர்கள் குறைவார்கள், ஆள் குறைந்ததால் பிடிபடுவது இன்னும் குறையும், அந்த எண்ணைக் காட்டி மறுபடி பேச்சு கிளம்பும். பிடிபட்டதை மீனவர்-நாளால் வகுத்துப் பார்க்காமல் எந்தக் கோட்டையும் போடாதீர்கள்.

மூன்றாவதாக, பிடித்த மீனை ஆற்றிலேயே திரும்ப விடும் பழக்கம். ஸ்காட்லாந்தில் 1952 முதல் பிடிபட்ட கணக்கு இருக்கிறது. 1994-ல் பிடித்ததில் பத்தில் ஒன்றுகூடத் திரும்ப விடப்படவில்லை, இப்போது பத்தில் ஒன்பதுக்கு மேல் விடுகிறார்கள். விட்ட மீன் இரண்டு வாரம் கழித்து மேலே இன்னொருவர் தூண்டிலில் சிக்கினால் அதுவும் ஒரு மீனாகப் பதிவாகும். எனவே பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே அலகு இல்லை, புதியது கொஞ்சம் ஊதியிருக்கும். இப்படி ஊதியும்கூட 2010-ல் ஒரு லட்சத்தைத் தாண்டிய ஸ்காட்லாந்துத் தூண்டில் கணக்கு 2023-ல் 32,477-க்கு இறங்கியது என்றால், அவ்வளவு பெரிய இறக்கத்தை நீர்மட்டத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. சின்ன அசைவைத்தான் சந்தேகப்பட வேண்டும். பத்து வருடம் ஒரே திசையில் போவதைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பது கண்ணை மூடிக்கொள்வது.

எண்ணும் கருவியில் ஒரே வருடத்தில் ஒரு குதி

மீன் குதிக்கும், ஆனால் கூட்டம் ஒரே வருடத்தில் மூன்று மடங்காவது அபூர்வம். முதல் சந்தேகம் கருவி மேல் இருக்கட்டும். ஆற்றின் குறுக்கே தடுப்பணை மேல் மூன்று மின்முனைகள் பதித்து வைத்திருப்பார்கள். மீனின் உடம்பு நன்னீரை விட நன்றாக மின்சாரம் கடத்தும், அது கடக்கும்போது மின்தடை மாறும், எந்த முனையில் முதலில் மாறியதோ அதை வைத்து மேலே போனதா கீழே போனதா என்று தெரியும், மாற்றத்தின் அளவை வைத்து மீன் எவ்வளவு பெரியது என்று ஊகிக்கலாம். இதில் 'எவ்வளவு சின்னது வரை மீன் என்று எண்ணலாம்' என்ற எல்லையை ஒருவர் கையால் வைக்கிறார். நான் ஒரு முறை மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடல் வெப்பநிலை வரை தேடிப் போய், கடைசியில் பராமரிப்புப் பதிவேட்டைத் திறந்தால் அந்த ஆண்டு மே மாதம் யாரோ எல்லையைக் குறைத்திருக்கிறார்கள். ஏறியதில் பாதிக்கு மேல் கடல் ட்ரவுட், சால்மனைப் போலவே கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் உறவுக்கார மீன். அதனால் தரவைத் தொடும் முன் பதிவேட்டைத் திறங்கள். எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள், எத்தனை நாள் கருவி நின்றது, காமிரா எப்போது பழுதானது, எல்லாம் அங்கேதான் இருக்கும்.

பதிவேடு சுத்தமாக இருந்தால் அடுத்தது எந்த நீளத்தில் எத்தனை மீன் என்று காட்டும் நீளவாரி வரைபடம். சால்மனும் கடல் ட்ரவுட்டும் இரண்டு தனித்தனிக் குன்றுகளாகத் தெரிந்தால் நல்லது. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே குன்றாக இருந்தால், எங்கே வெட்டினாலும் அந்த எண் உங்கள் விருப்பம்தான், மீனின் எண்ணிக்கை கிடையாது. காமிராப் பதிவை எடுத்து, நாள் நேரம் எல்லாம் குலுக்கல் முறையில் தேர்ந்து, கண்ணால் பார்த்து எண்ணுங்கள். கருவி எண்ணியதில் எத்தனை பங்கு உண்மையான சால்மன், காமிராவில் தெரிந்த சால்மனில் எத்தனை பங்கைக் கருவி தவறவிட்டது என்று இரண்டு விகிதமும் வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டுச் சரிபார்த்துவிட்டேன் என்று சொல்கிறவர்கள் நிறைய.

அப்புறம் கீழே இறங்கும் மீன். மேலே போனதிலிருந்து கீழே வந்ததைக் கழிப்பது வழக்கம், தயங்கித் தயங்கி ஏறி இறங்கும் மீனை இரண்டு முறை எண்ணாமல் இருக்க. ஆனால் டிசம்பருக்குப் பிறகு கீழே வருவது முட்டையிட்டு முடித்து மெலிந்த மீன், கெல்ட் என்பார்கள். அதையும் கழித்தால் முட்டையிட்டவர்களையே கணக்கிலிருந்து தூக்கிவிட்டீர்கள். எந்தத் தேதிக்குப் பின் கழிப்பதில்லை என்று ஒன்றை முடிவு செய்து எல்லா வருடத்துக்கும் அதையே வையுங்கள்.

பெருவெள்ளத்தில் மீன் அணையின் ஓரமாகவே, கருவியைத் தொடாமல் போய்விடும். வெள்ளம் அதிகமான வருடங்களில் எண்ணிக்கை குறைவாக இருந்தால் இதைச் சரிபாருங்கள்.

ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் ஏறுகிறது

2017, 2019, 2021, 2023 என்று மாற்றி மாற்றி ஏறினால், ஆறும் நார்வேயின் வடக்கிலோ பக்கத்திலோ இருந்தால், வேறெதையும் பார்க்க வேண்டாம். அது இளஞ்சிவப்புச் சால்மன். பசிபிக் கடல் மீன், சோவியத் காலத்தில் 1950-களிலிருந்து கோலா தீபகற்பம், வெண்கடல் பக்க ஆறுகளில் விட்டது. சரியாக இரண்டு வருட ஆயுள், அதனால் ஒற்றைப்படை வரிசைக் கூட்டமும் இரட்டைப்படை வரிசைக் கூட்டமும் கலப்பதே இல்லை, இங்கே வேரூன்றியது ஒற்றைப்படை. 2017-ல் ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆறுகளில்கூட எட்டிப் பார்த்தது. அளவில் சின்ன கிரில்ஸ் மாதிரியே இருப்பதால் மின்தடைக் கருவிக்கும் ஒலி அலையால் மீனைப் பார்க்கும் சோனாருக்கும் வித்தியாசம் தெரியாது.

காமிரா இருந்தால் வாலைப் பாருங்கள். இளஞ்சிவப்பின் வால்துடுப்பில் பெரிய நீள்வட்டக் கரும்புள்ளிகள் இருக்கும், அட்லாண்டிக் சால்மனுக்கு அப்படி இருக்காது. ஆணுக்கு முதுகில் கூன் விழுந்துவிடும். காமிரா இல்லாவிட்டால் அந்த வருடங்களின் ஜூலை, ஆகஸ்ட் எண்ணை நம்பாதீர்கள். பெயரை வைத்து மீனை நம்பக்கூடாது என்று யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அங்கே சால்மன் பெயரில் 'சமன் டின்' வாங்கித் திறந்தால் உள்ளே பெரும்பாலும் இருப்பது கானாங்கெளுத்தி.

குஞ்சு ஏராளம், பெரிய மீன் வரவில்லை

இதில் பிழை இல்லாமலும் இருக்கலாம், அதனால்தான் இது கஷ்டமான அறிகுறி. ஆற்றில் குஞ்சுக்கு இடம் குறைவு, ஒவ்வொன்றும் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதை விரட்டும். முட்டை இரண்டு மடங்கானாலும் பார் எண்ணிக்கை இரண்டு மடங்காகாது, ஆறு எவ்வளவு தாங்குமோ அங்கேயே நிற்கும். திருப்பிப் பார்த்தால், பெரிய மீன் பாதியாகக் குறைந்த பிறகும் பார் கணக்கு வருடக்கணக்கில் அசையாமல் இருக்கும், ஒரு நாள் எல்லையைத் தாண்டியதும் சடாரென்று சரியும். குஞ்சு அடர்த்தியைக் காட்டி "ஆறு நன்றாக இருக்கிறது" என்று அறிக்கை எழுதினால், எச்சரிக்கை மணி அடிக்காத இடத்தில் காதை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரிய மீன், ஸ்மோல்ட் இரண்டையும் ஒரே ஆற்றில் எண்ணுகிற இடங்கள் இதனால்தான் தங்கம் மாதிரி. ஸ்காட்லாந்தின் டீ ஆற்றுக் கிளையான கிர்னக் ஓடையில் 1966 முதல், அயர்லாந்தின் பரிஷூலில் 1970 முதல் பொறி வைத்து எண்ணுகிறார்கள். ஃப்ரோமில் வருடா வருடம் சுமார் 10,000 பார் குஞ்சுகளுக்கு அரிசி அளவு டேக் போட்டு விடுகிறார்கள். ஸ்மோல்ட் நிறைய இறங்கி, திரும்பியது குறைவு என்றால் பிரச்சினை கடலில். ஸ்மோல்ட்டே குறைவு என்றால் ஆற்றில். இந்த இரண்டையும் பிரிக்காமல் காரணம் சொல்லக் கூடாது.

பிழையாக இருக்கக்கூடிய பக்கம் எது என்றால், குஞ்சு எண்ணும் இடங்கள். பல ஆறுகளில் பழைய இடங்கள் எல்லாம் குஞ்சு நிறைய கிடைக்கும் என்று தெரிந்தே யாரோ தேர்ந்தவை, சாலையிலிருந்து இறங்க வசதியானவை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் வெந்த சோற்றுக்கு. ஆறு அப்படி வேகாது. கூட்டம் குறையும்போது மீன் நல்ல இடங்களில் ஒண்டிக்கொள்ளும், நல்ல இடங்களில் மட்டும் எண்ணினால் குறைவு கடைசியாகத்தான் தெரியும். ஸ்காட்லாந்தில் 2018-ல் தொடங்கிய, மின்சாரம் பாய்ச்சிக் குஞ்சு பிடித்து எண்ணும் தேசிய மின்மீன்பிடிப்புத் திட்டம் இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். உங்கள் பழைய இடங்களைக் கைவிட வேண்டாம், தொடர் அறுந்துபோகும். பக்கத்திலேயே குலுக்கல் இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சில வருடம் இரண்டும் ஓடட்டும்.

ஒரே வருடம் எல்லா ஆறுகளிலும் சேர்ந்து விழுந்தால் அது இடத்தின் குற்றமல்ல. 2016-ல் இங்கிலாந்து, வேல்ஸ் ஆறுகள் பலவற்றில் இளங்குஞ்சு மிக மோசம், அதற்கு முந்தைய டிசம்பர் வழக்கத்துக்கு மாறான சூடு, கூடவே பெருவெள்ளம். அந்த ஒரு வருடத்தின் ஓட்டை பெரிய மீன் கணக்கில் 2019, 2020 வாக்கில் தெரிய வேண்டும், தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உங்கள் இரண்டு தொடர்களும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன.

மூன்று சுற்றுப் பிடித்தும் எண் அபத்தமாக வருகிறது

ஓடையின் ஒரு துண்டை வலையால் அடைத்து, மின்சாரம் பாய்ச்சி மூன்று சுற்றுப் பிடிப்பீர்கள். 60, 30, 15 என்று வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இருப்பதில் பாதி சிக்குகிறது, மொத்தம் 120 என்று அர்த்தம். 20, 25, 18 என்று வந்தால் எந்தச் சூத்திரமும் உதவாது, முதல் சுற்றில் நீர் கலங்கியதா, மின்னழுத்தம் சரியில்லையா, கீழ்வலை ஓட்டையா என்று களத்திலேயே பாருங்கள். இன்னொன்று, அழகாக இறங்கும் எண்ணும் ஏமாற்றும். முதல் சுற்றில் தப்பியது பயந்து கல்லுக்கடியில் போய்விடும், அடுத்த சுற்றில் சிக்குவது இன்னும் கடினம், மீன் தீர்ந்துவிட்டது என்று கணக்கு நினைத்துக்கொள்ளும். அதனால் இந்த முறை பெரும்பாலும் குறைத்தே சொல்லும். சிக்கும் விகிதம் எல்லா வருடமும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளாமல், ஆள், கருவி, நீர்மட்டம் வாரியாக அதைக் கணக்கு மாதிரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்மோல்ட் மதிப்பீடு நம்ப முடியாத அளவு பெரிது

சுழலும் பொறியில் பிடித்து, குறியிட்டு, மேலே கொண்டுபோய் விட்டு, மறுபடி எத்தனை சிக்குகிறது என்று பார்க்கும் முறை. கற்பனைக் கணக்கு ஒன்று. 400 ஸ்மோல்ட்டுக்குக் குறி போட்டீர்கள், பிறகு 600 பிடித்ததில் 24-க்குக் குறி இருந்தது. சாப்மன் சூத்திரப்படி 401-ஐ 601-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் 9,639. இப்போது குறியிட்டதில் 40 மீன் அன்றிரவே செத்தோ, டேக் விழுந்தோ போயிருந்தால் உண்மையில் வெளியே இருந்தது 360, விடை 8,677. சுமார் ஆயிரம் மீன் இல்லாத மீன். குறியிட்டவற்றில் சிலவற்றை ஒரு நாள் கூண்டில் வைத்துப் பாருங்கள், எத்தனை சாகிறது என்று தெரிந்துவிடும்.

24 என்பது சின்ன எண் என்பதையும் கவனியுங்கள், நான்கு மீன் கூடக் குறைய வந்தாலே விடை ஆயிரத்துக்கு மேல் ஆடும். பிழை எல்லை இல்லாமல் ஒற்றை எண்ணை வெளியிட்டால் அடுத்த வருடம் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள்.

மீன் குறைந்தது, முட்டைக் கணக்கு குறையவில்லை

பெரும்பாலும் பிழை கிடையாது. பாதுகாப்பு எல்லை, அதாவது இதற்குக் கீழே போகக் கூடாது என்று ஆற்றுக்கு ஆறு வைக்கும் எண், முட்டையில்தான். நார்வேயில் பெண்மீனின் ஒரு கிலோ எடைக்கு 1,450 முட்டை என்று வைக்கிறார்கள். மறுபடி ஒரு கற்பனை ஆறு. முதலில் 1,000 கிரில்ஸ், 200 பெரிய மீன். கிரில்ஸ் 2.5 கிலோ, பத்தில் நான்கு பெண். பெரியது 5 கிலோ, பத்தில் ஏழு பெண். முட்டை 24.65 லட்சம். சில வருடம் கழித்து 500 கிரில்ஸ், 350 பெரிய மீன், மொத்த மீன் 1,200-லிருந்து 850 ஆகிவிட்டது, முட்டை 25 லட்சம். இரண்டு வரைபடமும் உண்மை. எதைக் கேட்டார்களோ அதைக் காட்டுங்கள்.

இதில் ஒளிந்திருக்கும் பிழை வேறு. பழைய சராசரி எடையை இன்னும் பயன்படுத்துகிறீர்களா? பல இடங்களில் கிரில்ஸ் முன்பை விடச் சிறுத்துத் திரும்புகிறது. செதிலும் எடையும் வருடா வருடம் எடுக்காவிட்டால் இல்லாத முட்டையை எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

மொத்த ஆறு பரவாயில்லை, ஒரு கிளை காலி

நார்வே-பின்லாந்து எல்லையில் ஓடும் தானா ஆற்றில் மரபணு வேறுபட்ட சுமார் 30 சால்மன் கூட்டங்கள் உண்டு. கீழே போல்மாக் என்ற இடத்தில் 2018 முதல் சோனார் எண்ணுகிறது, ஆனால் அது எல்லாவற்றையும் சேர்த்த எண். ஒரு கிளையின் கூட்டம் நன்றாக இருந்தால் இன்னொன்று அழிவது தெரியாது. அங்கே 2021-ல் சால்மன் பிடிக்கத் தடை வந்தது. செதிலிலிருந்து மரபணு எடுத்துப் பிரிப்பதும், கிளைகளில் நீந்திப் போய்க் கண்ணால் எண்ணுவதும் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வசந்தத்தில் ஏறும் மீன், இலையுதிர் காலத்தில் ஏறும் மீன் என்று மாதவாரியாகப் பிரிப்பதும் இதே வகைதான்.

திடீரென்று நல்ல கொழுத்த மீன்

பக்கத்தில் பண்ணைக் கூண்டு கிழிந்திருக்கலாம். பண்ணை மீனுக்கு அடையாளம் தேய்ந்த துடுப்பு, செதிலில் சீரான வளர்ச்சி வளையங்கள். பொரிப்பகத்திலிருந்து விட்ட மீன் என்றால் பல ஊர்களில் முதுகின் பின்பக்கம் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டி விட்டிருப்பார்கள். இரண்டையும் கழித்துவிட்டுத்தான் இயற்கை மீன் கணக்கு.

தொடக்க வருடத்தை மாற்றினால் போக்கே மாறிவிடுகிறது

2007-ல் தொடங்கினால் அயர்லாந்து ஆறுகள் இறங்குகின்றன, 2005-ல் தொடங்கினால் அவ்வளவாக இல்லை. காரணம், 2006 முடிவோடு கடலில் மிதவை வலை நிறுத்தப்பட்டது, அதுவரை வலையில் போன மீன் ஆற்றுக்கு வந்தது. ஆற்றில் எண்ணியது கூடியது, கடலில் இருந்த மீன் கூடவில்லை. இதனால்தான் ஐசிஈஎஸ் என்ற சர்வதேசக் கடல் ஆய்வு மன்றம் பிடிபட்டதைத் திருப்பிச் சேர்த்து, வடகிழக்கு அட்லாண்டிக்கில் முதல் கடல் குளிர்காலத்தின் ஜனவரி 1 அன்று எத்தனை மீன் உயிரோடு இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறது. உங்கள் ஆற்றுக்கும் வலை மூடிய வருடம் எது, அணை இடித்த வருடம் எது, மீன் ஏணி கட்டிய வருடம் எது என்று கோட்டின் மேல் குறித்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மீதிக் குழப்பம் பொறுமைக்குறைவு. 2023 டிசம்பரில் ஐயூசிஎன் என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் அட்லாண்டிக் சால்மனை அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக மாற்றியது, 2006-க்கும் 2020-க்கும் இடையே உலக அளவில் 23 சதவீதம் குறைந்திருக்கிறது என்று சொல்லி. அதை வருடத்துக்குப் பிரித்தால் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஒரு ஆற்றின் எண்ணிக்கையோ வருடத்துக்கு வருடம் முப்பது, நாற்பது சதவீதம் ஆடும். ஐந்து வருடத் தரவில் இதைக் கண்டுபிடித்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன், கண்டுபிடிக்கவில்லை, அதனால் குறையவில்லை என்று சொன்னாலும் நம்ப மாட்டேன். எண்ணை மடக்கையாக மாற்றி, மீனின் ஆட்டத்தையும் எண்ணும் பிழையையும் தனித்தனியே வைக்கும் மாதிரியைப் போட்டு, குறைந்தது மூன்று தலைமுறை, அதாவது பதினைந்து வருடமாவது பாருங்கள். பிறகு தொடக்க வருடத்தை ஒவ்வொன்றாக நகர்த்தி அத்தனை கோட்டையும் ஒரே படத்தில் போடுங்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் எழுதலாம். விசிறி மாதிரி விரிந்தால் மேலே போய் எண்ணும் கருவியின் பதிவேட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.